இடைச்செருகல்

ஒரு மாணவியின் பெயரிலிருந்து ஒரு சிறு குறியை நான் நீக்கச் சொன்னேன். பிழை திருத்துவதையே பிழைப்பாகக் கொண்டவன் நான். முப்பதாண்டுக் காலம் சிவப்பு மையோடு வாழ்ந்தவன். ஆயினும், நான் செய்த திருத்தங்கள் எல்லாவற்றுள்ளும் இன்றளவும் நெஞ்சை உறுத்திக்கொண்டிருப்பது அந்த ஒன்றுதான். ஏனெனில், பிழை அந்தப் பெயரில் இல்லை.

எங்கள் வட்டாரத் தமிழ் அமைப்பு ஒன்று இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கென ஆண்டுதோறும் கட்டுரைப் போட்டி நடத்தி வந்தது. பல காலம் கட்டுரைகள் அஞ்சலில்தான் வந்துகொண்டிருந்தன. உறைகளைப் பிரித்து, பெயர்களை ஏட்டில் பதிந்து, எண்ணிட்டு அடுக்கி முடிப்பதற்குள் எனக்கும் செயலாளருக்கும் முதுகு ஒடிந்துவிடும். 2009ஆம் ஆண்டில், என்னிடம் பயின்று பின்னர் கணினித் துறைக்குச் சென்ற இளைஞர் ஒருவர், “ஐயா, இதற்கெல்லாம் இணையத்திலேயே வழியிருக்கிறது” என்று சொல்லி, சனி ஞாயிறு இரண்டே நாளில் வலைத்தளம் ஒன்றை அமைத்துக் கொடுத்தார். மாணவர்கள் தம் பெயரையும் பள்ளியையும் படிவத்தில் நிரப்பிவிட்டு, கட்டுரையையும் அங்கேயே தட்டச்சு செய்து அனுப்பலாம். இத்துணை விரைவில் எப்படி முடிந்தது என்று நான் வியந்தபோது அவர் சிரித்தார். “எல்லாவற்றையும் நானா எழுதினேன்? படிவத்தைப் படித்துத் தரவுத்தளத்தில் சேர்க்கிற நிரல் நூலகம் இலவசமாகவே கிடைக்கிறது, ஐயா. எடுத்துப் பொருத்தினேன், அவ்வளவுதான்.”

நூலகம் என்ற சொல் எனக்கு மகிழ்ச்சியளித்தது. பலருக்கும் அடிக்கடி வேண்டப்படும் வேலைகளுக்கான நிரல்களை எவரோ ஒருவர் எழுதித் தொகுத்து, மூலத்தை மறைக்காமல், யாரும் எடுத்தாளலாம், திருத்தலாம், பிறர்க்கும் வழங்கலாம் என்று பொதுவில் வைத்துவிடுகிறார். இதைத்தான் திறந்த மூல நிரல் என்கிறார்கள். ஊர்ப் பொதுக்கிணறு போன்றதோர் ஏற்பாடு. அறிவைப் பூட்டி வைக்காத இந்தப் பண்பு ஆசிரியனாகிய எனக்குப் பிடித்துப் போனதில் வியப்பில்லை. ஆனால், ஒரு வேறுபாட்டை அன்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. புத்தக நூலகத்திலிருந்து இரவல் வாங்கிய நூல் நம் மேசைமீது சும்மா கிடக்கும். இந்த நூலகத்திலிருந்து வாங்கியதோ நம் வீட்டுக்குள் எழுந்து நடமாடும், கதவைத் திறக்கும், பெட்டியைப் பூட்டும், வந்தவரை வரவேற்று அவர் சொன்னதைக் கேட்டுக்கொள்ளும்.

2011ஆம் ஆண்டுப் போட்டியின்போது ஒரு மாணவி என்னைத் தொலைபேசியில் அழைத்தாள். டி குரூஸ், டி சூசா, டி சில்வா என்பன போன்ற போர்த்துக்கீசிய வழிப் பெயர்கள் நம் நாட்டுக் கத்தோலிக்கக் குடும்பங்கள் பலவற்றில் வழங்குவதை அறிவோம். அவள் தந்தையாரின் பெயரும் அத்தகையது. ஆங்கில எழுத்தில் எழுதும்போது முதலெழுத்துக்குப் பின்னால், சற்று மேலே, ஒரு சிறு குறி வரும். விசைப்பலகையில் அதற்கும் ஒற்றை மேற்கோள் குறிக்கும் ஒரே விசைதான். அவள் படிவத்தை நிரப்பி அனுப்பும்போதெல்லாம் ஆங்கிலத்தில் ஏதோ ஒரு பிழைச் செய்தி வந்து நின்றுவிடுகிறது என்றாள். நானும் என் கணினியில் முயன்று பார்த்தேன், அப்படியே வந்தது. குறியை விட்டுவிட்டு முயன்றேன். படிவம் மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டது.

“அந்தக் குறியை மட்டும் விட்டுவிட்டு எழுது, அம்மா” என்றேன்.

“பிறப்புச் சான்றிதழில் குறியோடுதான் இருக்கிறது, ஐயா.”

“போட்டிக்குத்தானே! பரவாயில்லை.”

அவள் ஒரு நொடி பேசாமலிருந்தாள். பிறகு, “சரி, ஐயா” என்றாள்.

அந்த நொடியில் நடந்தது இன்னதென்று இப்போது எனக்குத் தெரியும். படிவத்தில் எழுதப்படும் பெயரை அந்த நூலகம் ஒரு கட்டளை வாக்கியத்துக்குள் வைத்துத் தைக்கிறது. ‘இன்ன பெயரைப் பட்டியலில் சேர்’ என்பது வாக்கியம். பெயர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைத் தரவுத்தளம் உணரும்பொருட்டு, அதன் இருபுறமும் ஒற்றை மேற்கோள் குறி இடப்படுகிறது. அம்மாணவியின் பெயருக்குள்ளேயே அதே குறி இருந்தது. தரவுத்தளம் முதலெழுத்தைப் படித்தது, குறியைக் கண்டது, பெயர் முடிந்தது என்று முடிவு கட்டியது. எஞ்சிய எழுத்துகளைக் கட்டளையின் தொடர்ச்சியாகக் கருதிப் படித்தது. அவை எந்தக் கட்டளையாகவும் அமையாமையால், பிழை என்று கூவி நின்றுவிட்டது.

அவை ஒரு கட்டளையாக அமைந்திருந்தால்? பெயர் எழுதும் கட்டத்தில் ஒருவன் அந்தக் குறியை இட்டு மேற்கோளைத் தானே மூடிவிட்டு, அதன்பின் ‘பட்டியல் முழுவதையும் அழித்துவிடு’ என்று தரவுத்தளத்துக்கு விளங்கும் மொழியில் எழுதியிருந்தால்? எல்லாத் தரவுத்தளங்களும் இதற்கு இடங்கொடுப்பதில்லை. எங்களுடையது கொடுத்தது. அந்த மாணவியின் பெயர், சுவரில் ஓட்டை இருக்கிறது என்று எனக்கு அறிவித்த பெயர். நான் ஓட்டையை அடைக்கவில்லை. அறிவித்தவளை வாயடைக்கச் சொன்னேன்.

தொடக்கப்பள்ளியில் சொல்வதெழுதுதல் நடத்திய ஆசிரியர்கள் இதை எளிதில் விளங்கிக்கொள்வார்கள். பத்தியை வாசித்துக்கொண்டே வருகையில், கடைசி வரிசையில் குறும்பு செய்யும் ஒருவனைப் பார்த்து, “எழுந்து நில்!” என்று அதட்டுகிறோம். முன்வரிசைப் பிள்ளையொன்று அதையும் பயபக்தியோடு ஏட்டில் எழுதி வைக்கும். கட்டளையை அது பாடமாகக் கொண்டுவிட்டது. கணினிக்கு நேர்வது இதன் தலைகீழ்: பத்திக்குள் ‘எழுந்து நில்’ என்று ஒரு பாத்திரம் பேசினால், அது ஏட்டைப் போட்டுவிட்டு எழுந்து நின்றுவிடும். பாடத்தை அது கட்டளையாகக் கொண்டுவிடுகிறது. பிள்ளைக்கு நம் குரலின் ஏற்ற இறக்கமும் முகக்குறிப்பும் துணை செய்கின்றன. தமிழுக்கு ‘என்று’ என்னும் ஒரு சொல் போதும். பேசியவன் யார், அவன் பேச்சு எங்கே முடிகிறது என்று காட்டிவிடும். மேற்கோள் குறியே இல்லாத ஏட்டுச்சுவடிகளை நம் முன்னோர் இடர்ப்படாமல் படித்தமைக்கு அதுவும் ஒரு காரணம். கணினிக்கோ அந்தச் சிறு குறியை விட்டால் வேறு கதியில்லை.

இந்தக் குறைபாடு அன்று புதியதுமன்று. 1998ஆம் ஆண்டு டிசம்பரில், ஃபிராக் என்னும் மின்னிதழின் 54ஆம் இதழில், ஜெஃப் ஃபாரிஸ்டல் என்பவர் புனைபெயரில் இதைப் பற்றி எழுதிவிட்டார். என் மாணவி என்னை அழைத்தபோது அக்கட்டுரைக்கு வயது பன்னிரண்டைக் கடந்துவிட்டது. 2007இல் ராண்டல் மன்றோ என்னும் அமெரிக்க ஓவியர் இதையே கேலிச் சித்திரமாக்கினார்: ஒரு பையனின் பெயரால் பள்ளியின் மாணவர் பதிவுகளெல்லாம் அழிந்துபோகின்றன, பள்ளியிலிருந்து தாயாரை அழைத்து முறையிடுகிறார்கள். கணினித் துறையினர் இன்றும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும் சித்திரம் அது. நான் அதைப் பார்த்த காலத்தில் எனக்குச் சிரிக்கும் நிலை இல்லை.

2012ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஒரு காலைப் பொழுது, எங்கள் தளத்தைத் திறந்தால் திருவள்ளுவர் படம் இருந்த இடத்தில் சூதாட்ட விளம்பரம் மின்னிக்கொண்டிருந்தது. பட்டியல் வெறுமையாகிக் கிடந்தது. மூன்றாண்டுக் கட்டுரைகள் போய்விட்டன. பரிசு பெற்றவற்றை மலராக அச்சிட்டிருந்தோம், அவை பிழைத்தன. பரிசு பெறாத முந்நூற்றுக்கும் மேற்பட்ட கட்டுரைகளுக்குப் படி இல்லை. படி எடுத்து வைக்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. இணையத்தில் இருப்பது எங்கே போய்விடும் என்று இருந்துவிட்டோம். அந்த மாணவியின் கட்டுரையும் பரிசு பெறாதவற்றுள் ஒன்று. ஒற்றுப்பிழை மிகுந்த கட்டுரைதான். நானே மதிப்பெண் குறைத்தேன். ஆனால், விடியுமுன் பால்மரக் காட்டுக்குள் செல்லும் பாட்டியின் நெற்றிவிளக்கை அவள் வருணித்திருந்த ஓரிடம் எனக்கு மறக்கவில்லை. அழைத்துக் கேட்டேன். “அங்கேயே நேராகத் தட்டச்சு செய்தேன், ஐயா. வேறு படி இல்லை” என்றாள். அவள் குரலில் குறை கூறும் தொனி சிறிதும் இல்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

எனக்குச் சினம் வந்தது. சினம் வந்தால் யார்மீதாவது இறக்கி வைத்தாக வேண்டுமன்றோ? அந்த நூலகத்தை எழுதியவருக்கு ஆங்கிலத்தில் நீண்டதொரு கடிதம் தீட்டினேன். ‘மூன்றாண்டுப் பிள்ளைகளின் எழுத்தை நீர் அழித்துவிட்டீர்’ என்பதுவரை போய்விட்டேன். அனுப்புவதற்கு முகவரி தேடி அவருடைய பக்கத்துக்குச் சென்றேன். நூலகத்தில் காலந்தோறும் செய்த மாற்றங்களை அவர் அங்கே நாள்வாரியாகக் குறித்து வைத்திருந்தார். 2010 ஆகஸ்டுக் குறிப்பு ஒன்று கண்ணில் பட்டது. பெயர்களில் மேற்கோள் குறி வரும்போது பிறர் கட்டளைகளை நுழைக்க இடமேற்படுகிறது, அது சரிசெய்யப்பட்டுவிட்டது, அனைவரும் உடனே புதிய பதிப்புக்கு மாறுக. இவ்வளவே அதன் பொருள். அந்த மாணவி என்னை அழைப்பதற்கு முந்திய ஆண்டே எழுதப்பட்ட குறிப்பு அது. வேறொரு பக்கத்தில், பகலில் வேறு வேலை பார்ப்பதாகவும், இதை இரவில் ஓய்வு நேரத்தில் ஊதியமின்றிச் செய்வதாகவும், விடை தாமதமானால் பொறுத்தருள வேண்டும் என்றும் எழுதியிருந்தார்.

கடிதத்தை அழித்துவிட்டேன். தளம் அமைத்த இளைஞரும் வெளிநாடு செல்லுமுன், “புதிய பதிப்பு வருகிறதா என்று அவ்வப்போது பாருங்கள், ஐயா” என்று சொல்லித்தான் போனார். நான் தலையாட்டினேன். தலையாட்டியது நன்றாக நினைவிருக்கிறது.

இந்த அசட்டை எனக்கு மட்டும் உரியதன்று என்பதைப் பிற்கால நிகழ்ச்சிகள் காட்டின. ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை. அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்பது பெரிய நிறுவனங்கள் தம் வலைத்தளங்களைக் கட்ட எடுத்தாளும் திறந்த மூல நிரல் தொகுதி. ஒருவர் கோப்பு அனுப்பும்போது, அது எவ்வகைக் கோப்பு என்பதையும் முகப்பில் எழுதி அனுப்ப வேண்டும். அந்தக் குறிப்பு முறைப்படி அமையாவிட்டால், ‘நீர் எழுதிய இக்குறிப்பு பொருந்தவில்லை’ என்று அத்தொகுதி ஒரு பிழைச் செய்தியை உருவாக்கும். வந்தவர் எழுதியது அந்தச் செய்திக்குள் அப்படியே இடம்பெறும். அந்தச் செய்தியைத்தான் அது கட்டளைகள் உள்ளனவா என்று படித்து, இருந்தால் நிறைவேற்றியும் வந்தது! வாயிற்காவலன் ஒருவன், “இன்னது சொன்னாய், உள்ளே விடமாட்டேன்” என்று மறுக்கும்போதே அந்த ‘இன்னதை’ச் செய்து முடித்துவிடுவதைப் போன்றது இது.

2017 மார்ச்சு 7ஆம் நாள் இதற்கான திருத்தம் வெளிவந்தது. ஓரிரு நாள்களுக்குள்ளேயே தாக்குதல்கள் தொடங்கிவிட்டன. திறந்த மூலத்தின் இடர் இங்கேதான் இருக்கிறது. பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் அருகருகே வைத்து ஒப்பிடுபவனுக்கு, எந்த வரி மாறியிருக்கிறது என்பது தெரிந்துவிடும். ஓட்டை எங்கே இருந்தது என்பதும் தெரிந்துவிடும். ஆகவே, மருந்து வந்த நாளே நோய் முற்றும் நாளாகவும் ஆகிவிடுகிறது. ஈக்குவிஃபேக்ஸ் என்னும் அமெரிக்கக் கடன்தகவல் நிறுவனம், எச்சரிக்கை கிடைத்தும், தன் தளங்களுள் ஒன்றில் அத்திருத்தத்தைச் செய்யாமல் விட்டது. மே மாதம் நடுவில் நுழைந்தவர்கள் சூலை இறுதிவரை உள்ளே இருந்தனர். ஏறத்தாழ 147 மில்லியன் மக்களின் பெயர், பிறந்த நாள், அடையாள எண் முதலியன களவு போயின. செப்டம்பர் 7ஆம் நாள்தான் நிறுவனம் அதை ஊரறியச் சொன்னது. முற்றிலும் தடுத்திருக்கக் கூடியது என்று அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று 2018 டிசம்பரில் எழுதியது. அந்தச் செய்தியைப் படித்த அன்று, எனக்கு என் தலையாட்டல்தான் நினைவுக்கு வந்தது.

லாக்4ஜே என்னும் நூலகத்தின் கதை இதைவிட விந்தையானது. அதன் வேலை குறிப்பெழுதுவது மட்டுமே. ஒரு நிரல் இயங்கும்போது யார் வந்தார், என்ன கேட்டார், எங்கே தடுக்கியது என்றெல்லாம் நாட்குறிப்புப் போல எழுதி வைக்கும். எழுதும்போது, டாலர் குறியும் வளைவான அடைப்பும் கொண்டு ஒரு தொடர் வந்தால், அதை அப்படியே எழுதாமல், அதற்குரிய மதிப்பைத் தேடி இட்டு நிரப்பும் வசதி அதற்கு உண்டு. 2013இல் அவ்வசதி மேலும் விரிவாக்கப்பட்டு, வெளியே உள்ள வேறொரு கணினியைக் கேட்டும் மதிப்பைப் பெறலாம் என்றாயிற்று. எவரோ ஒருவருக்கு அது தேவைப்பட்டது, நல்லெண்ணத்தோடு சேர்க்கப்பட்டது. எட்டாண்டுகள் கழித்து, 2021 நவம்பர் 24ஆம் நாள், சீனாவின் அலிபாபா நிறுவனப் பாதுகாப்புக் குழுவைச் சேர்ந்த ஒருவர் அதன் விளைவைக் கண்டு தெரிவித்தார். வந்தவன் தன் பெயருக்குப் பதில் அத்தகைய தொடர் ஒன்றை எழுதிவிட்டால் போதும். குறிப்பேடு அதைக் கண்டு, அவன் காட்டிய கணினிக்குச் சென்று, அங்கிருந்து நிரலைக் கொண்டுவந்து வீட்டுக்குள்ளேயே இயக்கிவிடும். மைன்கிராஃப்ட் விளையாட்டில் பிள்ளைகள் உரையாடும் பெட்டியில் ஒரே ஒரு வரி எழுதியே இதைச் செய்து காட்டினார்கள். டிசம்பர் 9ஆம் நாள் உலகுக்குத் தெரிந்தது. குறைபாட்டின் கடுமையை அளக்கும் அளவுகோலில் பத்துக்குப் பத்து அளிக்கப்பட்டது. (நான் யாருக்கும் வழங்காத மதிப்பெண்!) அந்நூலகத்தைப் பேணியவர்கள் ஒரு சில தன்னார்வலர்கள். உலகம் முழுவதும் பதறிய அந்த டிசம்பரில் உறக்கமின்றி ஒன்றன்பின் ஒன்றாகப் பதிப்புகளை வெளியிட்டு ஓட்டையை அடைத்தார்கள். அந்த வசதி அவர்களுக்கே பிடிக்காத ஒன்று. பழைய பயனர்களுக்கு இடையூறு நேரக்கூடாதென்று விட்டு வைத்திருந்தார்களாம். வசைகளும் அவர்களுக்கே வந்தன. நான் அனுப்பாமல் அழித்த கடிதத்தைப் போன்றவற்றைப் பலர் அழிக்காமல் அனுப்பினார்கள் போலும்.

ஓரிடத்துப் பிழை ஏன் உலகெங்கும் இடராகிறது என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். பாடநூலில் ஓர் அச்சுப்பிழை நேர்ந்தால் என்ன ஆகிறது? நாட்டின் எல்லாத் தமிழ்ப்பள்ளிகளிலும் ஒரே நாளில் ஒரே தவறு கற்பிக்கப்படுகிறது. நூலகம் அத்தகைய பாடநூல். அதை எடுத்தாண்ட நிரலை இன்னொருவர் எடுத்தாள்கிறார், அதை மற்றொருவர். இறுதியில் இருப்பவருக்குத் தம் வீட்டு அடித்தளத்தில் எவருடைய செங்கல் இருக்கிறது என்பதே தெரிவதில்லை.

கட்டளைகளை இவ்வாறு நுழைப்பதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் ஊசி போடுவதைக் குறிக்கும் சொல். எனக்கு அது ஒட்டவில்லை. நம்மிடம் இடைச்செருகல் என்ற அருமையான சொல் இருக்கிறது. ஏடு பெயர்த்தெழுதியோர், ஓரத்துக் குறிப்பை மூலமென்று மயங்கிச் சேர்த்ததும் உண்டு. தம் பாட்டைப் பெரும்புலவன் வாக்கினிடையே வேண்டுமென்றே நுழைத்ததும் உண்டு. கம்பராமாயணத்தில் வெள்ளிபாடல்கள் என்று ஒரு தொகுதியையே பிரித்துப் பேசுவர். இரசிகமணி டி.கே.சி. கம்பன் வாக்கென்று தமக்குப் படாத பாடல்களை ஒதுக்கியே பதிப்பித்தார். அதற்காக அவரைக் கடிந்தவர்களும் பலர். அதில் நான் எந்தக் கட்சி என்பது இங்கே வேண்டாம். செருகுகவி ஏட்டில் ஒடுங்கிக் கிடந்து, நல்ல செவியுடைய ஒருவர் வரும்வரை நூற்றாண்டுக் கணக்கில் காத்திருக்கும். அதனால் எவருடைய பெட்டகமும் திறந்துகொள்ளவில்லை. கணினிக்குள் செருகப்பட்டதோ காத்திருப்பதில்லை. படிக்கப்படும் அக்கணமே அது செயலாகிவிடுகிறது. அங்கே செவி இல்லை, உ.வே.சா. அவர்களைப் போலச் சுவடிக்குச் சுவடி ஒப்பிட்டுப் பார்க்கும் பொறுமையும் இல்லை.

எங்கள் தளத்தின் கதைக்கு மீள்கிறேன். 2012ஆம் ஆண்டு இறுதியில் அதனை மீண்டும் அமைத்தோம். இம்முறை, விடுமுறையில் வந்திருந்த அவ்விளைஞரின் பக்கத்தில் நாற்காலி போட்டு அமர்ந்து, அவர் செய்வதையெல்லாம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கட்டளையையும் பெயரையும் ஒன்றாகத் தைத்து அனுப்பும் பழைய முறையை விட்டுவிட்டோம். இப்போது ‘____ என்னும் பெயரைப் பட்டியலில் சேர்’ என்று, பெயருக்குரிய இடத்தைக் காலியாக விட்டு, வாக்கியம் மட்டும் முதலில் செல்கிறது. தரவுத்தளம் அதன் எழுவாய் பயனிலைகளையெல்லாம் ஆராய்ந்து பொருளை உறுதி செய்துகொள்கிறது. அதன் பிறகே பெயர் தனியாகப் போய்ச் சேர்கிறது. வாக்கியத்தின் இலக்கணம் முன்பே முடிந்துவிட்டமையால், பின்னால் வருவது எத்தகைய குறியோடு வந்தாலும், எத்துணை அதிகாரத்தோடு பேசினாலும், பெயராக மட்டுமே கொள்ளப்படும், வினையாகாது. இந்த வழி 1998க்கு முன்பே இருந்ததுதான் என்று இளைஞர் சொன்னார். கோடிட்ட இடத்தை நிரப்புக என்று வாழ்நாளெல்லாம் வினாத்தாள் தயாரித்தவன் நான். எனக்கு அதை விளக்க அவருக்கு நெடுநேரம் பிடிக்கவில்லை.

ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை நூலகங்களின் புதிய பதிப்புகளைப் பார்க்கிறேன். நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருக்கிறேன். பெரும்பாலும் ஒன்றும் இராது.

தளம் ஆயத்தமானதும், சோதித்துப் பார்க்க ஏதாவதொரு பெயரைக் கொடுங்கள் என்றார் இளைஞர். அந்த மாணவியின் பெயரைத் தட்டச்சு செய்தேன். பிறப்புச் சான்றிதழில் உள்ளவாறே, குறியோடு. ‘பதிவு செய்யப்பட்டது’ என்று வந்தது. பட்டியலைத் திறந்து பார்த்தோம். முதல் வரிசையில் பெயர் இருந்தது, பள்ளி இருந்தது, கட்டுரைக்குரிய கட்டம் வெறுமையாக இருந்தது.

“இது சோதனைப் பதிவுதானே, ஐயா? அழித்துவிடட்டுமா?” என்று கேட்டார்.

வேண்டாம் என்றேன்.